பூட்டிய மின்நூலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

2025 பெப்ரவரி 26ஆம் திகதி அமேசன் ஒரு சின்ன வசதியை நிறுத்தியது. அதுவரை, வாங்கிய மின்நூலைக் கணினியில் இறக்கி, வயர் போட்டுக் கிண்டில் என்ற அதன் வாசிப்புக் கருவிக்கு மாற்றலாம். கணினியில் ஒரு கோப்பு மிச்சமிருக்கும். அன்று முதல் நூல் வைஃபை வழியே நேராகக் கிண்டிலுக்கோ செயலிக்கோதான் வரத் தொடங்கியது. யாருடைய புத்தகமும் காணாமல் போகவில்லை. ஆனாலும் பலருக்கு அன்றுதான் உறைத்தது: காசு கொடுத்து எடுத்த புத்தகம் என் கையில் இல்லையென்றால், நான் வாங்கியது என்ன?

அதே ஆண்டு ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. எண்ணிமப் பொருளை விற்பவர் 'வாங்குக' என்று பொத்தான் வைத்தால், கிடைப்பது சொத்து இல்லை, பாவிக்கும் அனுமதி மட்டுமே என்பதை அங்கேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார்கள், சரி. விலை மட்டும் ஏன் சொத்தின் விலையாகவே இருக்கிறது?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். டொலர் 300 ரூபா என்று வைத்தால், 9.99 டொலர் நூல் ஏறத்தாழ 3,000 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமாக 2024 செப்டெம்பரில் நிர்ணயித்தது 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி, விழுந்தாலும் 2,700தான் வந்தது. அந்த வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நூல் எடுத்துக் கொடுக்க நினைத்தால், அது எத்தனை காலம், எத்தனை பேருக்கு, எந்தப் போனில் பயன்படும் என்று கேட்காமல் இருக்க முடியாது. நூலை யார், எந்தக் கருவியில் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டு தீர்மானிப்பது இந்த மூன்றையும்தான். ஆகவே பூட்டிய நூலும் பூட்டில்லாத நூலும் வேறு வேறு சரக்கு, இரண்டுக்கும் ஒரே விலை போடுவது தவறு என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் சிக்கல்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

மின்நூல்களில் பொதுவாகப் புழங்குவது இபப் என்ற வகை. உள்ளே பிரித்துப் பார்த்தால் அது ஒரு ஸிப் பொதிதான்: அத்தியாயத்துக்கு ஒன்றாக இணையப்பக்கம் போன்ற கோப்புகள், அட்டைப்படம், எழுத்துரு, பொருளடக்கம். 60,000 சொல்லுள்ள தமிழ் நாவல் படங்கள் இல்லையென்றால் எழுத்துருவோடு சேர்த்து ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். ரீலோட் போட்டு டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிப்பவருக்கு இது நல்ல செய்தி. அதே நாவலைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎப் பல பத்து எம்பி இழுக்கும்.

டிஆர்எம் எனப்படும் எண்ணிம உரிமை மேலாண்மை, இந்தப் பொதிக்குள் இருக்கும் அத்தியாயங்களை மறையாக்கி வாசிக்க முடியாதபடி குழப்பி வைக்கிறது. குழப்பத்தைத் தெளிவாக்க ஒரு சாவி உண்டு. அந்தச் சாவியை, வாசகரின் கணக்குக்குரிய இன்னொரு சாவியால் பூட்டி அனுப்புவார்கள். உங்கள் கணக்கில் பதிந்த செயலிக்கு மட்டும் அந்த இரண்டாவது சாவி தெரியும். கோப்பை நூறு பிரதி எடுக்க எந்தத் தடையும் இல்லை. எடுத்த பிரதி வேறொருவர் போனில் திறக்காது, அவ்வளவுதான்.

சந்தையில் இன்று நான்கு நிலைகள் இருக்கின்றன.

1. கடும் பூட்டு. அமேசனின் கிண்டில் பூட்டும், பல கடைகள் பாவிக்கும் அடோபி பூட்டும் இந்த வகை. கணக்கும் கருவியும் பதிவாக வேண்டும். அடோபியில் ஒரு கணக்குக்கு ஆறு கருவி வரை.

2. கடவுச்சொல் பூட்டு. பாரிஸைச் சேர்ந்த ஈடிஆர்லேப் பராமரிக்கும் எல்சிபி இதற்கு உதாரணம். நூலோடு ஒரு கடவுச்சொல் வரும். ஒருமுறை போட்டால் பிறகு இணையம் இல்லாமலே திறக்கும். வீட்டில் அக்காவுக்குச் சொல்லலாம். ஊருக்கெல்லாம் சொல்ல மனம் வராது என்ற நம்பிக்கையில் இயங்குவது.

3. நீர்க்குறி. பூட்டே கிடையாது. வாங்கியவரின் பெயரோ கட்டளை இலக்கமோ நூலுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பதிந்திருக்கும். 2012இல் ஹரி பொட்டர் மின்நூல்கள் நேரடி விற்பனைக்கு வந்தபோது இந்த வழியில்தான் வந்தன.

4. வெறும் கோப்பு. பூட்டும் இல்லை, குறியும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பூட்டு வேறு, பதிப்புரிமை வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். பூட்டில்லாத நூலை ஐந்நூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவில் போடுவதும் உரிமை மீறல்தான். மறுபக்கமும் உண்டு. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1947இல் காலமானார். அவர் எழுத்துகளின் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. 1984இல் மறைந்த மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளுக்கு 2054 முடியும் வரை உண்டு. சட்டம் இப்படி நாள் குறித்து விடுதலை கொடுக்கிறது. பூட்டுக்கு நாட்காட்டி தெரியாது. நடேசய்யரின் கட்டுரைகளை நாளைக்கு யாராவது கடும் பூட்டோடு விற்றால், சட்டப்படி எல்லோருக்கும் சொந்தமான எழுத்துக்கு மேல் ஒரு தனியார் கதவு வந்துவிடும். அந்தக் கதவுக்குக் காசு கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடும் பூட்டில் எங்கே சிக்குவோம்

தோட்டப் பகுதியில் இணையத்தில் செல்லும் வங்கி அட்டை எல்லோரிடமும் இருக்காது. அட்டை உள்ள உறவினர் வாங்கி அனுப்புவதுதான் வழக்கம். அடோபி பூட்டு காலை வாருவது சரியாக இந்த இடத்தில்தான். நடப்பது இப்படி:

1. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தன் அட்டையில் நூலை எடுக்கிறார். இறங்குவது சில கேபி அளவுள்ள ஏசிஎஸ்எம் கோப்பு. அது நூல் இல்லை. நூலை எடுத்துக்கொள்ளத் தரும் டிக்கட்.

2. வந்தது சரியா என்று பார்க்க, தன் கணினியில் ஒருதரம் திறக்கிறார். அந்தக் கணத்தில் டிக்கட் அவருடைய அடோபி கணக்கில் வெட்டப்பட்டுவிடும்.

3. அதே ஏசிஎஸ்எம் கோப்பை வட்ஸ்அப்பில் தலவாக்கலையில் இருக்கும் தங்கைக்கு அனுப்புகிறார்.

4. தங்கை தன் கணக்கில் திறந்தால், வேறொரு பாவனையாளர் இதை ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்று பிழைச்செய்தி வரும். பத்துமுறை இறக்கினாலும் அதேதான். நெட்வேர்க் பழுது என்று நினைத்து டேட்டாவைக் கரைப்பவர்கள் உண்டு. நெட்வேர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தப்பிக்க வழி எளிது, முன்கூட்டித் தெரிந்திருந்தால். வாசிக்கப் போகிறவரின் கணக்கில்தான் டிக்கட்டை முதலில் திறக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு ஒரே அடோபி கணக்கு வைத்து, அண்ணன் கணினியிலும் தங்கை போனிலும் அதையே பதிய வேண்டும். இன்னொரு பொறி: கணக்கே இல்லாமல் இந்தக் கணினியை மட்டும் பதிவு செய் என்ற தெரிவு கணினிச் செயலியில் வரும். அவசரத்தில் அதை அழுத்தினால் நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும். கணினிக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டால் நூலுக்கு விடைகொடுக்க வேண்டியதுதான்.

போன் கடையில் புதுப் போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்துவிடுவார். கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. சிம்மும் மாறிவிட்டால் கணக்கை மீட்க இலக்கம் இல்லை. அச்சு நூலில் இந்தக் கவலை கிடையாது. கடும் பூட்டில் கணக்கு தொலைந்தால் அலுமாரியே தொலைந்த மாதிரி.

தமிழுக்கென்று தனி வில்லங்கம் ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத வாசிப்புச் செயலிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 'கொழுந்து' என்று வரவேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் நிற்கும். பூட்டில்லாத கோப்பென்றால் இரண்டு நிமிட வேலை: வேறு செயலியில் திற, எழுத்துருவை மாற்று, முடிந்தது. கடும் பூட்டென்றால் கடைக்காரர் சொன்ன செயலிதான் கதி. எழுத்து உடைந்த புத்தகத்துக்கு முழு விலை கொடுத்தவராக உட்கார்ந்திருப்போம். கண் மங்கியவருக்கு இது இன்னும் கொடுமை. 2009 பெப்ரவரியில் கிண்டில் 2 நூலை வாய்விட்டு வாசிக்கும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், நூலுக்கு நூல் அந்தக் குரலை நிறுத்தும் அதிகாரத்தைப் பதிப்பகங்களிடம் அமேசன் கொடுத்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் வாசிப்புக்கான மரக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இலேயே இணைந்துவிட்டது. பூட்டு அதை வாசித்துவிட்டு வருவதில்லை.

சிக்னல் பற்றியும் ஒரு சொல். பள்ளத்தில் இருக்கும் லயங்களில், அதாவது தோட்ட வரிசை வீடுகளில், சாதாரண நாளிலேயே சிக்னல் ஏறி இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலைப்பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் இல்லாமல் போயின. போனில் இறக்கி வைத்த நூல் அப்போதும் திறக்கும். ஆனால் இடையில் செயலியிலிருந்து கணக்கு வெளியேறியிருந்தால், திரும்ப நுழைய இணையம் வேண்டும்.

பூட்டு, விற்பவருக்கு என்ன செலவு

பூட்டுக்கும் காசு போகிறது, ஆகவே பூட்டிய நூல் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று ஒரு வாதம் வரும். எழுதி விற்கும் தளத்தைப் பொறுத்து இது பாதி உண்மை.

எழுதியவரோ பதிப்பகமோ தாமே நூலை ஏற்றி விற்கும் அமேசனின் கேடிபி தளத்தில் பூட்டு இலவசம். நூலை ஏற்றும்போது வேண்டுமா, வேண்டாமா என்று தெரிவு செய்வதோடு சரி. விலையைத் தீர்மானிப்பவை வேறு. 35 வீத உரிமத்தொகைத் திட்டத்தில் 3 எம்பிக்குக் குறைந்த நூலுக்கு அடிமட்ட விலை 0.99 டொலர், 3 முதல் 10 எம்பி வரை 1.99, அதற்கு மேல் 2.99. 70 வீதத் திட்டம் 2.99 முதல் 9.99 டொலர் வரையான விலைக்கும், பட்டியலில் உள்ள நாடுகளின் வாசகருக்கும் மட்டும். எம்பிக்கு 15 சதம் விநியோகச் செலவும் கழியும். ஆக, படம் நிறைந்த நூலின் விலையை ஏற்றுவது கோப்பின் கனம். பூட்டு இல்லை.

சொந்தமாகப் பூட்டு போட்டு விற்க நினைக்கும் சிறு பதிப்பகத்தின் கணக்கு வேறு. சேவையகம், ஆண்டுக் கட்டணம், பிரதிக்குப் பிரதி ஒரு தொகை, அதற்கு மேல் 'திறக்கவில்லை' என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள். ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு எல்லாமாக 300,000 ரூபா என்று வைப்போம். ஈழத்துத் தமிழ் நூல்கள் பலவும் அச்சிலேயே 300, 500 பிரதிதான் போடுகின்றன. ஆண்டுக்கு 300 மின்பிரதி விற்றால் பூட்டின் பங்கு பிரதிக்கு 1,000 ரூபா. நூலைவிடப் பூட்டு விலை. வாசகருக்கு இடைஞ்சல் தரும் ஒன்றுக்கு வாசகரையே கட்டணம் கட்டச் சொல்வதாகிவிடும்.

அப்படிக் கட்டினாலும் திருட்டு நிற்குமா? பூட்டை ஒருவர் உடைத்தால் போதும். அவர் போட்ட பிரதி எல்லோருக்கும் பூட்டில்லாமல் போய்விடும். பூட்டை உடைக்கவென்றே செய்த கருவிகளைத் தயாரிப்பதையும் விற்பனைக்கு இறக்குமதி செய்வதையும் எங்கள் சட்டம் உரிமை மீறலாகத்தான் பார்க்கிறது. ஆனால் தமிழ் நூல்களில் சுற்றும் திருட்டுப் பிரதிகள் பெரும்பாலும் பூட்டை உடைத்து வந்தவை இல்லை. அச்சு நூலைப் போன் கமெராவால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்த பிடிஎப்தான் அதிகம். மின்நூலுக்கு எந்தப் பூட்டுப் போட்டாலும் அச்சு நூலின் பக்கங்களை அது மூடப்போவதில்லை.

சந்தை ஏற்கெனவே போட்டுக் காட்டிய விலைகள்

பூட்டுக்கு என்ன விலை என்று உலகில் ஒருமுறை வெளிப்படையாகவே ஒட்டியிருந்தார்கள். புத்தகத்தில் அல்ல, பாட்டில். 2007 மே மாதம் அப்பிளின் ஐடியூன்ஸ் கடை, ஈஎம்ஐ நிறுவனத்தின் பாடல்களைப் பூட்டோடு 0.99 டொலருக்கும், பூட்டில்லாமல் 1.29 டொலருக்கும் அருகருகே விற்றது. ஏற்கெனவே வாங்கியவர் 30 சதம் கட்டினால் பூட்டைக் கழற்றிக்கொள்ளலாம். பூட்டில்லாத பிரதியின் ஒலித்தரமும் இரட்டிப்பு என்பதால் 30 சதம் முழுவதையும் பூட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் பூட்டிய சரக்கின் மதிப்புக் குறைவு என்பதை விற்றவரே விலைச்சீட்டில் ஒப்புக்கொண்டார். அந்த ஒக்டோபரிலேயே இரண்டையும் 0.99க்குக் கொண்டுவந்தார்கள். 2009இல் அந்தக் கடையின் எல்லாப் பாடல்களிலும் பூட்டு போய்விட்டது.

புத்தகத்தில் 2012இல், அறிவியல் புனைகதை வெளியிடும் டோர் பதிப்பகம் தன் மின்நூல்கள் அனைத்திலும் பூட்டைக் கழற்றியது. ஓராண்டு கழித்து அதன் பிரித்தானியக் கிளை, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது. அறிவியல் புனைகதை வாசகர் கணினி தெரிந்தவர்கள். திருட நினைத்திருந்தால் அவர்களுக்குத்தான் மிகச் சுலபம்.

மைக்ரோசொஃப்ட்டின் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று. 2019 ஏப்ரலில் அது தன் மின்நூல் கடையை மூடியது. ஜூலையில் வாங்கிய நூல்களும் திறக்காமல் போயின. பூட்டைச் சரிபார்க்கும் சேவையகம் இல்லையே! எல்லோருக்கும் முழுப்பணமும் திரும்பியது, பக்கங்களில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு மேலதிகமாக 25 டொலர். நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் பதுளையில் ஒரு புத்தகக் கடை மூடினால், கடைக்காரர் வீடு வீடாக வந்து பழைய விற்பனையைத் திரும்பப் பெறுவதை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

நூலகங்களுக்கு விற்கும்போது பூட்டு எண்ணும் கணக்கு இன்னும் அப்பட்டம். 2011இல் ஹார்ப்பர்கொலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்குக் கொடுக்கும் மின்நூலை 26 தடவை இரவல் கொடுத்ததும் காலாவதியாகும்படி செய்தது. பூட்டு இல்லாமல் 26 என்று எண்ணவே முடியாது. அதாவது பூட்டு இங்கே காவல்காரன் வேலை பார்க்கவில்லை, மீட்டர் வேலை பார்க்கிறது.

பழைய பிரதியை விற்பது பற்றி: 2019 டிசெம்பர் 19ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், வாசித்த மின்நூலை உரிமையாளரின் அனுமதியின்றி இன்னொருவருக்கு இணையத்தில் மறுவிற்பனை செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. பூட்டில்லாத நூலுக்கும் இது பொருந்தும். ஆகவே மறுவிற்பனை மதிப்பு எல்லா மின்நூலிலும் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

வாசகர் போடவேண்டிய கணக்கு

அச்சில் 1,000 ரூபா விற்கும் ஒரு நூலை எடுப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. அச்சு விலை 1,000 என்று தொடங்குங்கள்.

2. வாசித்தபின் பழைய புத்தகமாக விற்றால் வரக்கூடியதைக் கழியுங்கள்: 250. மீதி 750.

3. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போய் வரும் பஸ் காசோ, கொழும்பிலிருந்து வரும் தபால் செலவோ மிச்சம்: 150 கூட்டுங்கள். மொத்தம் 900. பூட்டில்லாத மின்நூலுக்கு இதுதான் உச்சவரம்பு. அச்சுக்கூலியும் தாளும் பதிப்பகத்துக்கு மிச்சமாவதால் அதில் ஒரு பங்கை வாசகர் எதிர்பார்ப்பதும் நியாயமே.

4. வீட்டில் இன்னும் யார் வாசிப்பார்கள்? அம்மாவின் போனிலும் தம்பியின் போனிலும் திறக்க முடியாதென்றால் 200 கழியுங்கள்.

5. ஐந்து வருடம் கழித்தும் வேண்டிய நூலா? கணக்கு தொலைவது, கடை மூடுவது, செயலி பழைய போனை ஆதரிக்காமல் விடுவது எல்லாவற்றுக்குமாக 150.

கடும் பூட்டிய நூலுக்கு மிஞ்சுவது 550. அச்சு விலையின் பாதிக்குச் சற்று மேல். இதற்கு மேல் கேட்டால் நான் அச்சுப் பிரதியைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் படி நூலுக்கு நூல் மாறும். ஒரே இரவில் வாசித்து முடிக்கும் துப்பறியும் கதைக்குப் பூட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அங்கே கழிவு பூச்சியம். அகராதி, சமையல் நூல், உயர்தர வகுப்புக்கான வழிகாட்டி என்றால் கழிவு கூடும். அக்கா பாவித்த வழிகாட்டிதான் இரண்டு வருடத்தில் தம்பிக்கு, அடுத்து பக்கத்து வீட்டுக்கு. பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கணக்கு வருவது மேலதிக நூல்களுக்குத்தான். நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கும் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பூட்டில்லாமலே திறக்கின்றன. பழைய மலையக நூல் ஒன்றைக் காசு கொடுத்து எடுக்குமுன் அங்கே ஒருதரம் தேடுவது நல்லது.

பூட்டு நியாயமாக இருக்கும் ஓரிடம்

இரவல். இரண்டு கிழமைக்கு நூலைக் கொடுத்துத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு பூட்டு இல்லாமல் முடியாது. எல்சிபி உரிமத்தில் முடிவுத் திகதி எழுதப்பட்டிருக்கும். அந்த நாளில் நூல் தானாகத் திறக்காமல் போகும். கணினியில் தோரியம் என்ற இலவச வாசிப்பான் போதும். வாசகர் கொடுப்பது ஒன்றுமில்லை, அல்லது சிறு சந்தா. இங்கே யாரும் ஏமாறவில்லை: இரவல் என்று சொல்லி இரவல் கொடுக்கிறார்கள். நகரசபை நூலகம் ஒன்று மின்நூல் பிரிவு தொடங்குவதானால் கடும் பூட்டுக்குப் போகாமல் இதைப் பார்ப்பது நல்லது. சிக்னல் இல்லாத வீட்டிலும் திறக்கும் என்பதே முதல் காரணம்.

வாங்குமுன் பார்த்துக்கொள்வது

அமேசனில் நூலின் விவரப் பகுதியில், ஒரே நேரத்தில் பாவிக்கக்கூடிய கருவிகள் என்ற வரியில் 'வரம்பில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தால் பூட்டில்லை. கோபோ கடையில் பதிவிறக்க வகை என்ற இடத்திலேயே அடோபி பூட்டு உள்ளதா, இல்லையா என்று எழுதியிருக்கும். கூகுள் பிளேயில் வாங்கிய நூலை ஏற்றுமதி செய்தால் இபப் அல்லது பிடிஎப் வந்தால் நல்லது. ஏசிஎஸ்எம் வந்தால் மேலே சொன்ன டிக்கட் கதை. எதற்கும் இலவச மாதிரிப் பகுதியை முதலில் இறக்கி, நீங்கள் வாசிக்கப் போகும் அதே போனில் கொம்பும் காலும் ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் பதிப்பகங்களுக்கு

இலங்கையில் தமிழ் நூல்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் பக்கமாக்கப்படுகின்றன. அந்தக் கோப்பிலிருந்து நேராக மின்நூல் வராது. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன; மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளியின் விசைதான். ஆகவே மாற்றியில் மொத்தமாகப் போட்டால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி நிற்கும். இதைத் திருத்த ஒருவர் முழு நூலையும் வாசிக்க வேண்டும். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் பூட்டு இல்லை, இதுதான்.

விற்க இப்படிச் செய்யலாம்.

1. திருத்திய பிரதியைச் சிஜில் என்ற இலவசச் செயலியில் இபப் ஆக்குங்கள். தமிழ் எழுத்துருவை உள்ளேயே வையுங்கள்.

2. வாங்குபவர் வங்கியில் காசு போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். போன் வழியே காசு அனுப்பும் ஈசி கேஷும் ஆகும். அட்டை தேவையில்லை.

3. தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து ஒரு பக்கம் சேர்த்து, வாங்கியவரின் பெயர், திகதி, பிரதி இலக்கம் போடுங்கள். பெயரைத் தவிர தொலைபேசி இலக்கமோ முகவரியோ வேண்டாம். கோப்பு கைமாறினால் அவருக்கே வினை. ஒரு பிரதிக்கு ஐந்து நிமிட வேலை.

4. அதே நூலைக் கேடிபியிலும் 0.99 டொலருக்கு ஏற்றலாம். ஆனால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்நூலை வேறெங்கும் விற்க முடியாது; அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

5. இரண்டு இடத்திலும் நூல் விவரத்தில் பூட்டு உண்டா, இல்லையா, எத்தனை கருவி என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

கேடிபியில் பூட்டோடு 0.99 டொலர், அதாவது 300 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. 35 வீதத்தில் பதிப்பகத்துக்கு வருவது சுமார் 104 ரூபா. நேரடியாக, பெயர் பதித்த பூட்டில்லாத பிரதி 450 ரூபா என்று வைத்தால் கிட்டத்தட்ட முழுவதும் கைக்கு வரும். இரண்டு விலையையும் ஒரே விளம்பரத்தில் அருகருகே போட்டு மூன்று மாதம் விற்றுப் பாருங்கள். எந்தப் பிரதி எத்தனை போனது என்ற எண்ணிக்கை, உங்கள் வாசகர் பூட்டுக்கு என்ன விலை போடுகிறார் என்பதைச் சொல்லிவிடும்.